தொட்டால் நின்றுவிடும் என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள்

ரோபோ நிறுவும் இடங்களில் ஆபத்து மதிப்பீடு செய்வது என் தொழில். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி தரும் ஒரு மையத்தில் அண்மையில் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டபோது, விற்பனைக் கையேட்டை எடுத்து நீட்டினார்கள். "இது கோபாட்தானே சார், தொட்டால் நின்றுவிடும்." கோபாட் என்பது மனிதருக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும் ரோபோக் கை. எத்தனை இடங்களில்தான் இதே பதிலைக் கேட்பது! எதிரே சக்கர நாற்காலியில் ஓர் இளைஞர் பொருத்தும் வேலை பழகிக்கொண்டிருந்தார். ரோபோவின் நுனியில் பொருளைப் பிடிக்கும் கிரிப்பர் திரும்பி வரும் உயரமும் அவருடைய நெற்றியும் ஒரே மட்டத்தில் இருந்தன.

கோபாட் நல்ல கருவிதான். ஒரு கை மட்டும் இயங்குபவருக்கு அது பாகத்தைப் பிடித்துக்கொடுத்தால், திருகு முடுக்குவதை அவரே செய்துவிடுவார். மதுரையில் கண்வில்லை தயாரிக்கும் ஆரோலேப் முதல் ஜெர்மானிய வாகன ஆலைகள் வரை இத்தகைய கைகள் வேலை செய்கின்றன. நான் குறை சொல்வது இயந்திரத்தை அல்ல.

"தொட்டால் நிற்கும்" என்றால் என்ன? தொட்ட பிறகுதான் நிற்கும். அதாவது ஓர் அடி விழுந்திருக்கும். அந்த அடி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2016-இல் வெளியிட்ட 15066 ஆவணம் வரம்பு வகுத்தது. நசுக்கும் விசையானால் மனிதரின் கைக்கு 140 நியூட்டன். முகத்துக்கு 65 மட்டுமே. ஆனாலும் முகத்தில் மோதல் நேரவே கூடாது என்பதுதான் அடிப்படை. அந்த ஆவணத்தில் உள்ள வலி வரம்புகள் உடல்நலமுள்ள பெரியவர்களை வைத்து அளந்தவை. நின்று வேலை செய்பவருக்கு மார்பில் படுவது, உட்கார்ந்திருப்பவருக்கு முகத்தில் படும். நிற்பவர் அடி பட்டதும் பின்னால் நகர்ந்துவிடுவார். பிரேக் போட்ட சக்கர நாற்காலியில் இருப்பவர் எங்கே நகர்வார்? தண்டுவடக் காயத்தால் உணர்விழந்த தொடையில் மேசைக்கடியில் எது அழுத்தினாலும் அவருக்குத் தெரியாது. மாலையில் உடை மாற்றும்போது தோல் சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரியவரும். அது அழுத்தப் புண்ணாக மாறினால் பயிற்சி மாதக் கணக்கில் நின்றுபோகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரோபோக் கை வழவழப்பாக இருக்கலாம். அதன் நுனியில் நீங்கள் மாட்டிய கிரிப்பர்? அது பிடித்திருக்கும் தகட்டின் விளிம்பு? செயல்விளக்கத்தில் விற்பனையாளர் தன் உள்ளங்கையை நீட்டி ரோபோவை நிறுத்திக் காட்டுவார். அந்தக் கிரிப்பரில் ஓர் உளியை மாட்டிவிட்டுக் கையை நீட்டச் சொல்லுங்கள், பார்ப்போம். மதிப்பிட வேண்டியது ரோபோவை மட்டும் அல்ல. ரோபோ, கருவி, பாகம், மேசை, அங்கே அமரும் மனிதர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். ஆள் மாறினால் மதிப்பீடும் மாறும்.

அதனால் முதலில் பயிற்சி பெறுபவரை அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்து, கண் மட்டத்தையும் முழங்கால் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். ரோபோக் கையின் பாதை அவருடைய தோள்மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும். முடியாவிட்டால் ஆள் நெருங்கும்போதே நிற்கும்படி ஸ்கேனர் வையுங்கள். அவசர நிறுத்தப் பொத்தானை அவருடைய இயங்கும் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள். சுவரில் அழகாக மாட்டிவைத்து என்ன பயன்? ரோபோவுக்கு வேலை கற்றுத்தரக் கையில் பிடிக்கும் டீச் பெண்டன்டில் உள்ள மூன்றுநிலை சுவிட்சை அளவாக அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ நகரும், விட்டாலும் இறுக்கினாலும் நின்றுவிடும். தசை இறுக்கம் உள்ளவருக்கு அது ஒத்துவருமா என்று தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். காது கேளாதவருக்கு பீப் ஒலி போதாது, விளக்கு வேண்டும். பார்வையற்றவருக்கு விளக்கு மட்டும் இருந்தால் போதாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர் பழகிய பாதையையும் வேகத்தையும் முன்னறிவிப்பின்றி மாற்றவே மாற்றாதீர்கள்.

இதற்கெல்லாம் செலவாகும் என்று சலுகை தருவதுபோலப் பேசாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நியாயமான வசதிகளைச் செய்துதருவதை அரசு நிறுவனங்களின் கடமையாகவே வைத்திருக்கிறது. தனியார் மையம் என்றால் உடம்பு வேறாகிவிடுமா?

ஒரு வேண்டுகோள். மதிப்பீடு நடக்கும் நாளில் பயிற்சி பெறுபவரையும் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அவருக்குப் பதிலாக மேலாளரே நாற்காலியில் உட்கார்ந்து காட்டுகிறார். மேலாளரின் முழங்கால் உயரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?