சவ்வுக்கு என்ன திறன்?

அண்ணன் மகள் புதுச்சேரியில் விலங்கியல் படிக்கிறாள். போன வாரம் கடலூருக்கு வந்திருந்தபோது அவள் நோட்டைப் புரட்டினேன். ‘மைட்டோகாண்ட்ரியா சவ்வின் திறன் குறைந்தால் செல் பாதிக்கப்படும்’ என்று எழுதியிருந்தாள். மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் இருந்து ஆற்றல் தயாரித்துத் தரும் நுண்ணுறுப்பு.

“சவ்வுக்கு என்னம்மா திறன்?”

“மெம்பரேன் பொட்டென்ஷியல் சித்தப்பா. போன் அப்படித்தான் மாத்திக் கொடுத்துச்சு.”

போனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பொட்டென்ஷியல் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு ‘இயலுதல்’, ‘வல்லமை’ என்றுதான் பொருள். ‘நல்ல பொட்டென்ஷியல் உள்ள பையன்’ என்றால் திறன் சரி. மின்சாரம் பற்றிய பேச்சில் அது செல்லாது. அங்கே நம் பள்ளிப் பாடநூல்களே மின்னழுத்தம் என்று சொல்லிவிட்டன.

மற்ற இரண்டு சொற்களில் சிக்கல் இல்லை. 1898இல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர் கிரேக்கத்தில் இழையையும் சிறு மணியையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்து மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் வைத்தார். தமிழில் இழைமணி. இந்த மணி கோயில் மணி அல்ல, நெல்மணி. சவ்வு நமக்குப் பழகிய சொல். ‘காது ஜவ்வு கிழியுது’ என்பதிலும் திருவிழாவில் கம்பில் சுற்றி விற்கும் ஜவ்வு மிட்டாயிலும் இருப்பது அதுதான். என்ன, இழைமணியின் உள்சவ்வு மிட்டாய் போல இழுபடாது.

சரி, அழுத்தம் எங்கிருந்து வருகிறது? வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். முழு மட்டம் 47.50 அடி என்று செய்தியில் படிப்போம். ஆனால் மதகைத் திறந்தால் தண்ணீர் பாய்வதற்குக் காரணம் அந்த எண் அல்ல. ஏரி மட்டத்துக்கும் வாய்க்கால் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் சமமானால் மதகு திறந்தே கிடந்தாலும் தண்ணீர் அசையாது. சவ்விலும் வித்தியாசம்தான் விஷயம். உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி ஆக்சிஜனைச் சேரும். அந்த வழியில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு உள்சவ்வின் புரதங்கள் புரோட்டான்களை வெளியே இறைத்துத் தள்ளும். ஏரிக்கு வடவாற்றில் தண்ணீர் தானாக வரும். இங்கே மோட்டார் போட்டு இறைப்பதுபோல. வெளியே நேர்மின்சுமை, உள்ளே எதிர்மின்சுமை. இந்த வித்தியாசம்தான் மின்னழுத்தம்.

அளவு சுமார் 150 முதல் 180 மில்லிவோல்ட். டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதான், அற்பமாகத் தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் ஐந்தாறு நானோமீட்டர். கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஏறத்தாழ 3 கோடி வோல்ட் வருகிறது. காற்று 30 லட்சத்திலேயே தாங்காமல் தீப்பொறி விடும்!

இறைத்த புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் என்ற மதகு வழியே திரும்பும்போது அதைச் சுழற்றுகின்றன, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு உருவாகிறது. 1961இல் பீட்டர் மிட்செல் இதன் அடிப்படைக் கருத்தைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் பரிசு வந்தது. மின்னழுத்தத்துக்கு வேறு வேலைகளும் உண்டு. கால்சியம் உள்ளே வருவதும், வெளியே தயாரான புரதங்கள் பல உள்ளே நுழைவதும் இதன் இழுப்பால்தான். அழுத்தம் விழுந்துவிட்டால் பிங்க்1 என்ற புரதம் இழைமணியின் வெளிச்சவ்வில் சேர்ந்து, ‘இது பழுது, அப்புறப்படுத்து’ என்று செல்லுக்கு அடையாளம் காட்டும்.

ஆகவே ‘சவ்வின் திறன்’ வேண்டாம். ‘சவ்வு ஆற்றல்’ என்பதும் தவறு, வோல்ட் ஆற்றலின் அலகு அல்ல. இழைமணிச் சவ்வு மின்னழுத்தம் என்று எழுதலாம். வெறும் ‘சவ்வு அழுத்தம்’ என்று சுருக்கினால் ரத்த அழுத்தத்தோடு குழம்பும். ‘மின்’ கட்டாயம் வேண்டும்.

அவளும் அடித்துத் திருத்தினாள். அடுத்த பக்கம் நரம்புப் பாடம். ஆக்‌ஷன் பொட்டென்ஷியலுக்கு ‘செயல்திறன்’ என்று இருந்தது.