இறப்பர் ஒதுங்க ஓர் இடம்

டயருக்குள் காற்றை அடைத்ததே அதிர்வைக் குறைக்கத்தான். 1888 இல் காற்று டயருக்குக் காப்புரிமை எடுத்த ஜோன் பொய்ட் டன்லொப் பெல்ஃபாஸ்ற் நகரில் கால்நடை வைத்தியராக இருந்தவர். மகனின் மூன்று சில்லுச் சைக்கிள் கரடுமுரடான தெருவில் உதறுகிறதே என்றுதான் அவர் இறப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சில்லைச் சுற்றிக் கட்டினார். அவருக்கு 40 வருடங்களுக்கு முன்னரே றொபேட் வில்லியம் தொம்சன் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார் என்பது வேறு கதை. இப்போது மின்சார ஸ்கேட்போர்ட் ஓட்டுகிறவர்கள் அந்தக் காற்றை மறுபடி வெளியே எடுக்கிறார்கள்.

எடுப்பதற்கு நியாயம் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீதியோரங்களில் நெருஞ்சி முள்ளுக்குக் குறைவில்லை. சைக்கிள் டியூப்பென்றால் எந்தச் சந்தியிலும் ஒட்டித் தருவார்கள். ஆறு அங்குல ஸ்கேட்போர்ட் டியூப்பைக் கொண்டுபோனால் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எந்தச் சாமான்ட டியூப்?” என்று கேட்பார். அறுகம்பைக்கு அலைச்சறுக்க வருகிறவரின் பலகையோ, உள்ளூர்ப் பொடியன் இணையத்தில் எடுத்த பலகையோ, காற்றுப் போனால் அன்றைய ஓட்டம் அத்தோடு சரி. பஞ்சராகாத டயர் என்றதும் ஆசை வருவது இயல்பு. அதைப் பூட்டி ஓட்டிய பிறகுதான் பாதம் விறைத்துப்போகிறது.

ஏன் இப்படி? இறப்பர் மிருதுவான பொருள், அமுங்கும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் இறப்பரின் கனவளவு கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அதன் வடிவம்தான் மாறும். பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பர் ஒன்றை மேசையில் வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். உயரம் குறைகிற அளவுக்குப் பக்கங்கள் பிதுங்கும். அதே அழிறப்பரை நான்கு பக்கமும் இறுக்கமாகப் பிடிக்கிற இரும்புப் பெட்டிக்குள் வைத்து மேலிருந்து அழுத்தினால் கல்லைப் போல நிற்கும். பொருள் ஒன்றுதான். பிதுங்குவதற்கு இடம் இல்லை, அவ்வளவே.

முழுக்க இறப்பரால் வார்த்த டயர் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் அழிறப்பரின் நிலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. உள்ளே சில்லின் விளிம்பு, கீழே வீதி, இரண்டு பக்கமும் அதே இறப்பர். ஆகவேதான் காற்றில்லாத டயர்களின் பக்கவாட்டில் வரிசையாகத் துளை போடுகிறார்கள், அல்லது தேன்கூட்டு அறைகள் விடுகிறார்கள். பாரத்தைக் குறைக்கவோ அழகுக்கோ அல்ல, இறப்பர் ஒதுங்குவதற்கு. அறைகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய சுவர்கள் வளைகின்றன. தடித்த கட்டியை நசுக்குவதை விட மெல்லிய சுவரை வளைப்பது பல மடங்கு சுலபம். ‘இன்னும் மென்மையான இறப்பர்’ என்று சொல்லி விற்கிற டயரை வாங்கும்போது நான் முதலில் துளைகளைத்தான் பார்ப்பேன். மென்மையான இறப்பரில் சின்னத் துளையை விட, சற்றுக் கடினமான இறப்பரில் நல்ல அறைகள் எனக்கு மேல்.

காற்று டயர் இந்தச் சிக்கலை எப்படித் தாண்டுகிறது? ஓட்டுபவரும் பலகையும் சேர்ந்து 80 கிலோ என்று வைப்போம். ஒரு சில்லுக்கு 20 கிலோ. சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் காற்று என்பது சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 2.8 கிலோ. ஒரு சதுர சென்ரிமீற்றர் முகமுள்ள கல் டயருக்குள் குத்தினால், உள்ளிருக்கும் காற்று அதைத் திருப்பித் தள்ளுவது அந்த 2.8 கிலோ அளவில்தான். கல் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மொத்தக் காற்றின் அழுத்தம் பெரிதாகக் கூடாது. டயர் கல்லை விழுங்கிக்கொண்டு உருண்டுவிடும். இறப்பர்ச் சுவர் அப்படியல்ல; வளைய வளைய எதிர்ப்பு ஏறும்.

சில்லின் அளவும் சேர்ந்து படுத்துகிறது. 10 மில்லிமீற்றர் உயரமான ஓர் ஓரத்தில் 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு மோதினால், நிறைக்கு நிகராக 0.75 மடங்கு கிடைவிசை இருந்தால்தான் ஏறும். 15 சென்ரிமீற்றர்ச் சில்லுக்கு இது 0.58 ஆகக் குறைகிறது. 60 சென்ரிமீற்றர்க் கார்ச் சில்லுக்கு வெறும் 0.26. காரில் போகிறவருக்குத் தெரியாத வெடிப்பு பலகையில் நிற்பவரின் முழங்காலுக்குத் தெரிவது இதனால்தான்.

இனி, எந்த வேகத்தில் அதிகம் உதறும் என்பது. இந்தப் பகுதி கொஞ்சம் கணக்கு, ஆனால் பலன் உண்டு.

பாரம் ஏறும்போது டயர் எவ்வளவு தாழ்கிறதோ, அதை வைத்து அதன் இயல்பு அதிர்வெண்ணை, அதாவது ஒரு தடவை தட்டிவிட்டால் அது தானாகச் செக்கனுக்கு எத்தனை தடவை ஆடும் என்பதை, சொல்லிவிடலாம். 1 மில்லிமீற்றர் தாழ்ந்தால் செக்கனுக்குச் சுமார் 16 தடவை, அதாவது 16 ஹேர்ட்ஸ். 4 மில்லிமீற்றர் தாழ்ந்தால் பாதி, 8 ஹேர்ட்ஸ். ஆனால் இது 80 கிலோவும் ஒரே கட்டியாக ஆடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. மனிதன் கட்டியல்ல. கணுக்காலும் முழங்காலும் மடங்கிக் கொடுப்பதால், வேகமான உதறலில் உடம்பு பெரும்பாலும் மேலே சும்மா நிற்கும். கீழே 10 கிலோப் பலகை மட்டும் ஆடும். ஆடும் நிறை எட்டில் ஒன்றாகும்போது அதிர்வெண் ஏறக்குறைய 2.8 மடங்கு உயரும். 16 ஹேர்ட்ஸ் 45 ஆகிறது.

இப்போது இன்டர்லொக் கல் பதித்த பாதையொன்றுக்கு வருவோம். 10 சென்ரிமீற்றருக்கு ஒரு பொருத்து வரும்படி பதித்திருந்தால், மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு 44 பொருத்துகளைச் சில்லு கடக்கும். பலகையின் 45 உம் பாதையின் 44 உம் கைகோத்துவிட்டன. அந்த வேகத்தில் பல்லுக் கிடுகிடுக்கும். வேகத்தைக் குறைத்தாலும் கூட்டினாலும் தணியும். இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் டயர் அதிர்வை மேலே விடாமல் தடுக்கத் தொடங்கும். இங்கே அது மணிக்கு 23 கிலோமீற்றருக்கு அப்பால். நடைபாதையில் அந்த வேகம் வேண்டாத வேலை. அதே பாரத்துக்கு 4 மில்லிமீற்றர் தாழ்கிற டயரைப் பூட்டினால் உதறும் வேகம் மணிக்கு 8 கிலோமீற்றருக்கு இறங்கிவிடும். 16 இல் போகும்போது அந்த ஆட்டத்தைக் கடந்து வந்திருப்பீர்கள்.

துளைகள் தாமே ஓர் அதிர்வை உண்டாக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வீதியில் துளை வந்து படியும்போது டயர் மென்மை. நடுச்சுவர் வந்து படியும்போது கடினம். 15 சென்ரிமீற்றர் டயரில் 24 துளைகள் இருந்து, மணிக்கு 20 கிலோமீற்றர் போனால் செக்கனுக்கு 280 தடவைக்கு மேல் இந்த மாற்றம் நடக்கும். வழுவழுப்பான காபெட் வீதியிலும் பாதம் கூசுவது இதனால்தான். 250 ஹேர்ட்ஸை ஒட்டிய அதிர்வைத் தோலுக்கு அடியிலுள்ள ஒரு வகை நரம்பு முனைகள் மிக நுட்பமாக உணரும். மிச்செலின் 2005 இல் காட்டிய ‘ட்வீல்’ என்ற காற்றில்லாக் கார்ச் சில்லும் தொடக்கத்தில் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் அதிர்கிறது என்ற பெயரை வாங்கிக் கட்டிக்கொண்டது.

இதற்கு மருந்து துளைகளை அடுக்குகிற விதத்தில் இருக்கிறது. இரண்டு வரிசை போட்டு, ஒரு வரிசையின் துளைக்கு நேரே மற்ற வரிசையின் சுவர் வரும்படி அரை இடம் தள்ளி வைத்தால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தை நிரப்பும். துளைகளின் இடைவெளியைச் சற்றுச் சமமில்லாமல் விட்டாலும் ஒரே சுருதியில் எழும் இரைச்சல் பல சுருதிகளாகச் சிதறும். வீதியில் படுகிற வெளிப்பட்டியைத் தடிப்பாக்குவது மூன்றாவது வழி. பட்டி தடித்தால் பாரம் நாலைந்து சுவர்களுக்குப் பகிரும், ஆனால் சிறு கல்லை விழுங்கும் குணம் குறையும்.

அதிர்வை அப்படியே குடித்துவிடுகிற இறப்பர்க் கலவை கிடையாதா? உண்டு. குடித்த சக்தி வெப்பமாக மாறும்; அந்தச் சக்தி பற்றரியிலிருந்துதான் போகிறது. போகிற தூரம் குறையும், டயரின் உள்ளே சூடு ஏறும், இறப்பரோ சூட்டை இலேசில் வெளியே கடத்தாது. சூடேறினால் அதிர்வைக் குடிக்கும் திறனும் குறையும். நம்முடைய சித்திரை வெயிலில் அந்தப் பேரம் கட்டுப்படியாகாது.

என்னிடம் கேட்டால், டயரை மாற்றுவதற்கு முன் பலகைக்கும் அச்சுக்கும் நடுவே மென்மையான இறப்பர்த் தட்டொன்றை வைத்துப் பார்க்கச் சொல்வேன். நுண்ணிய கூச்சத்தைத் தடுக்க அது நன்றாக உதவும். பெரிய குலுக்கலுக்கு உதவாது. அச்சிலுள்ள ‘புஷ்’ என்ற இறப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். லேண்ட்மாஸ்டர் பிடித்து வயல் உழுதவர்களுக்கு அதிர்வு நட்டுகளை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பலகையில் நட்டோடு சேர்த்துப் பற்றரிக் கலங்களின் இணைப்புகளும் விடுபடலாம், அது ஆபத்து.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பிடிக்கத் தொலைபேசியே போதும். அதற்குள் இருக்கும் அசைவுமானி, அதாவது அசைவை அளக்கும் உணரி, செக்கனுக்கு 100 தடவை அளக்கிறதென்றால் 50 ஹேர்ட்ஸுக்கு மேல் அது காட்டுவதை நம்பக் கூடாது. ஆகவே கல்லுப் பொருத்தின் உதறலுக்கு அசைவுமானி, துளைகளின் இரைச்சலுக்கு ஒலிவாங்கி. ஒலியின் அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் செயலியொன்றைப் போட்டுக்கொண்டு வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். கோடும் கூடவே மேலே நகர்ந்தால் சில்லில் சுற்றுகிற ஏதோவொன்று, அநேகமாகத் துளைகள். வேகம் மாறியும் கோடு அதே இடத்தில் நின்றால் டயர் மேல் பழி போடாதீர்கள். பலகையோ பற்றரிப் பெட்டியின் மூடியோ தன் சொந்த அதிர்வெண்ணில் ஆடுகிறது.