அடி விழுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்

இரவு பதினொன்றரைக்கு பைக் விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். கூட ஏழு பேர். ஒருவர் சீட்டுப் போட ஓடுகிறார், ஒருவர் ஸ்கேன் அறைக்கு, இன்னொருவர் ரத்த வங்கிக்கு. ஸ்கேனில் "டாக்டர் எழுதித் தரட்டும்" என்கிறார்கள். ரத்த வங்கியில் "டோனரைக் கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். தள்ள ஆளில்லாத ஸ்ட்ரெச்சரை அண்ணன்காரரே தள்ளுகிறார். ஒன்றரை மணிக்கு வேறொரு கேஸை முடித்து வெளியே வரும் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்), "24 மணி நேரம் கழிச்சுத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சட்டைக் காலரில் கை விழுவது அப்போதுதான். போலீஸ் புகாரில் அந்தக் கடைசி நிமிடம் மட்டும் இடம்பெறும். மருத்துவமனை திருத்திக்கொள்ள வேண்டியவை அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் கிடக்கின்றன.

மருத்துவப் பணியாளர்மீதான எல்லாத் தாக்குதலும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் பெண் மருத்துவர் ஒருவர் தம் கிளினிக்கிலேயே கொல்லப்பட்டார். பின்னணியில் ஒரு கர்ப்பிணியின் மரணம் இருந்தது. 2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனைக்குக் காயத்துக்குக் கட்டுப்போடப் போலீசாரே அழைத்துவந்த ஆள், அங்கிருந்த கத்தரிக்கோலை எடுத்து இளம் பெண் மருத்துவரைக் குத்திக் கொன்றார். 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பட்டப்பகலில், பணியிடத்திலேயே கத்திக்குத்துக்கு ஆளானார். இழப்பின் ஆத்திரம், நிதானமிழந்த நிலை, சிகிச்சை பற்றி நாள்பட்டுச் சேர்ந்த மனக்குறை என்று மூன்றுக்கும் வேர் வேறு. வாசலில் செக்யூரிட்டி எண்ணிக்கையைக் கூட்டுவது ஒன்றையே மூன்றுக்கும் மருந்தாகத் தருவதால்தான் பலன் கிடைப்பதில்லை.

அன்றாடம் நடப்பவற்றில் பெரும்பாலானவை தொடக்கத்தில் சொன்ன கேஷுவாலிட்டி வகை. அதில் காத்திருப்பைவிடக் காரணம் தெரியாத காத்திருப்புதான் ஆளைக் கொதிக்கவைக்கிறது. தமிழக அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளை அவசரத்துக்கேற்பப் பிரிக்கிறார்கள். பணியாளருக்கு அது பழகிய ஏற்பாடு. வெளியே நிற்பவருக்குத் தெரிவதெல்லாம், பின்னால் வந்தவன் முன்னால் உள்ளே போகிறான் என்பதுதான். "சிபாரிசு போல" என்று ஒருவர் முணுமுணுத்தால் போதும், அடுத்த பத்து நிமிடத்தில் அது உண்மையாகிவிடும். நிறங்களின் பொருளை நோயாளிக்கான மொழியில், நின்று படிக்கும் உயரத்தில் எழுதி மாட்டுவதற்குச் செலவே இல்லை.

ஒவ்வொரு ஷிப்டிலும் தகவல் சொல்வதற்கென்று ஒருவர் வேண்டும். மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சீனியர் ஸ்டாஃப் நர்ஸோ மக்கள் தொடர்பாளரோ போதும். 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை, புதிதாக ஒன்றுமில்லை என்றாலும் வெளியே வந்து மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: இதுவரை என்ன செய்தோம், அடுத்து என்ன, மறுபடி எத்தனை மணிக்கு வருவேன். "தலை ஸ்கேன் எடுத்தாச்சு. ரிப்போர்ட் வர முக்கால் மணி நேரம் ஆகும். வரலைன்னாலும் ரெண்டு மணிக்கு நானே வந்து சொல்றேன்." சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்ற நிலை வந்துவிடும், எனவே காப்பாற்றக்கூடிய நேரத்தை மட்டும் சொல்லுங்கள். உறவினர் தரப்பிலும் ஒருவரைக் கேட்டு வாங்கி, பெயரையும் கைபேசி எண்ணையும் கேஸ் ஷீட்டின் மேல் எழுதுங்கள். அதிகம் சத்தம் போடுபவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் கத்தும்போது "டேய், சும்மா இருடா" என்று அடக்குகிற சித்தப்பாவோ மாமாவோ பக்கத்தில் இருப்பார். அவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

மரணத்தைச் சொல்லும் இடம்தான் மிக ஆபத்தானது. வராந்தாவில் நின்றபடி சொல்லாதீர்கள். கதவுள்ள அறை, உட்கார நாற்காலி, தண்ணீர், சொல்வதற்கு இருவர். உள்ளே வரும் உறவினர் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். உங்கள் நாற்காலி கதவுக்கு அருகில் இருக்கட்டும். ஆனால் அவர்கள் வெளியேறும் வழியை மறித்து உட்காராதீர்கள். அடைபட்ட உணர்வே கையை ஓங்கவைக்கும். முதலில், "நிலைமை ரொம்ப மோசம், கெட்ட செய்தி சொல்லணும்" என்று ஒரு வரி. பிறகு "இறந்துட்டார்" என்று சொல்லியே ஆக வேண்டும். "எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டோம்" என்று நிறுத்தினால், வேறு ஊருக்குக் கொண்டுபோனால் பிழைப்பாரா என்றுதான் கேட்பார்கள். சொன்னதும் வாயை மூடிக்கொண்டு இருப்பது கடினம். ஆனாலும் அவர்களே பேசும்வரை காத்திருங்கள். போஸ்ட்மார்ட்டம், பில் பாக்கி பற்றிய பேச்சை அதே ஆள் அதே மூச்சில் எடுத்தால் அத்தனையும் வீண்.

கோபம் கைக்கு வருமுன் உடம்பில் தெரியும். முறைத்த பார்வை, ஏறும் குரல், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப, தனக்குள் முனகல், குறுக்கும் நெடுக்கும் நடை. பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமாகிக் கைகளை இறுக்கினால் இன்னும் கவனம். அந்த நேரத்தில் நேருக்கு நேர் நிற்காமல் சற்றே சாய்வாக, ஆறடி தள்ளி, உள்ளங்கை தெரிய நில்லுங்கள். "அமைதியா இருங்க" என்பதைப் போல எரிச்சலூட்டும் சொல் வேறில்லை. "கத்தாதீங்க", "ரூல்ஸ் அப்படி", "இது என் வேலை இல்ல" ஆகியவையும் அதே ரகம். "ரெண்டு மணி நேரமா நிக்கிறீங்க, கோபம் வரத்தான் செய்யும். இப்ப உள்ளே போய்க் கேட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல வர்றேன்" என்பதில் மன்னிப்பும் இல்லை, சிகிச்சை பற்றிய வாக்குறுதியும் இல்லை, ஆனால் ஆள் ஒரு படி இறங்குவார். மது அருந்தியவரிடமோ சித்தப் பிரமையில் இருப்பவரிடமோ இது பலிக்காது. அவருக்குச் சின்ன வாக்கியம், ஒரே ஆள், சுற்றிலும் கூட்டம் இல்லாமை. சர்க்கரை குறைந்தாலும் தலையில் அடிபட்டாலும்கூட ஆள் மூர்க்கமாவார் என்பதால், வாய்ப்பு கிடைத்ததும் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். குடிகாரர் என்று ஓரமாகக் கிடத்தியதில் எத்தனையோ மூளை ரத்தக்கசிவு கண்டுபிடிக்கப்படாமல் போயிருக்கிறது.

அறையைப் பற்றியும் ஒரு பார்வை வேண்டும். டிரெஸ்ஸிங் ட்ரேயில் கத்தரிக்கோலும் பிளேடும் நோயாளி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. வேலை முடிந்த உடனே எடுத்துப் பூட்டுங்கள். கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பும் அறுந்து விடாத அடையாள அட்டைக் கயிறும் பிடித்து இழுக்க வசதியானவை. சரக்கென்று கழன்றுவிடும் கிளிப் வைத்த கயிறு கடையில் கிடைக்கிறது. அபாய பட்டன் மேசைக்கு அடியில் இருந்தும், அழுத்தினால் எங்கே மணி அடிக்கும், யார் ஓடி வருவார் என்று யாருக்கும் தெரியாத இடங்கள் ஏராளம். மாதம் ஒரு முறை, அதுவும் இரவு ஷிப்டில், அழுத்திப் பார்த்து எத்தனை நிமிடத்தில் ஆள் வந்தது என்று எழுதிவையுங்கள்.

இப்போது நிர்வாகங்கள் தனிக் கணக்கில் வைக்கும் மன அழுத்தத்துக்கு வருவோம். வன்முறைத் தடுப்புக்கு ஒரு பயிற்சி, மன அழுத்தத்துக்கு ஒரு யோகா வகுப்பு என்று பிரிப்பது தவறு. 20 மணி நேரம் விழித்திருக்கும் ஆளுக்கு முதலில் கெடுவது ஊசி போடும் கையல்ல, குரல். எதிரில் இருப்பவர் முகத்தைப் படிக்கும் திறனும் மங்கும். பொதுமக்கள் "திமிர்" என்று புகார் சொல்வதில் கணிசமான பங்கு வெறும் தூக்கமின்மை. ஆகவே யாருக்கு எப்போது பணி என்று எழுதும் டூட்டி ரோஸ்டர்தான் முதல் பாதுகாப்புக் கருவி. ஷிப்டை மாற்றும்போது காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போங்கள்; இரவிலிருந்து மாலைக்குப் பின்னோக்கி இழுத்தால் உடம்பு ஒத்துழைக்காது. தொடர் இரவுப் பணி மூன்றைத் தாண்டாதிருப்பது நல்லது. இரவில் 20 முதல் 30 நிமிடத் தூக்கத்துக்கு ஒரு அறையும், அந்த நேரத்துக்கு மாற்று ஆளும் ஒதுக்குங்கள். மாற்று ஆள் இல்லாத ஓய்வறை பூட்டித்தான் கிடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பணிச்சோர்வை நோயாக அல்லாமல் பணிச்சூழல் சார்ந்த நிகழ்வாகத்தான் வைத்திருக்கிறது. ஊழியரை மட்டும் மூச்சுப்பயிற்சிக்கு அனுப்பிவிட்டு நிர்வாகம் நகர முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

தாக்குதல் நடந்துவிட்டால், முதலில் காயத்துக்கு வைத்தியமும் விபத்துப் பதிவேட்டில் பதிவும். சிசிடிவி காட்சியை அன்றே தனியாக எடுத்துவையுங்கள். சில வாரங்களில் தானாகவே மேலெழுதப்பட்டு அழிந்துவிடும். புகாரை அடிபட்டவர் தனியாகக் கொடுக்கக் கூடாது, நிறுவனம் தர வேண்டும். தனியாகக் கொடுத்தால் சமாதானம் பேச வருவோர் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் பணியாளர்மீதான வன்முறைக்கு 3 முதல் 10 ஆண்டு வரை சிறை விதிக்கிறது, ஜாமீனில் விட முடியாத குற்றமாகவும் ஆக்குகிறது. அந்தச் சட்டத்தின் பெயரைப் புகாரில் எழுதத் தவறினால் வழக்கு சாதாரண அடிதடியாகப் போய்விடக்கூடும். 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம், 6 மணி நேரத்துக்குள் வழக்குப் பதிவாகச் செய்வது நிறுவனத் தலைவரின் பொறுப்பு என்று உத்தரவிட்டது.

அடிபட்டவரை உட்காரவைத்து "என்ன நடந்தது, ஒண்ணுவிடாம சொல்லு" என்று அன்றைக்கே துருவுவது நல்லதல்ல. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பதால் பயனில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டீ, ஷிப்டிலிருந்து விடுப்பு, வீடுவரை துணைக்கு ஆள், இவை போதும். மூன்றாம் நாளும் இரண்டாம் வாரமும் ஒரு மாதம் கழித்தும் மேலதிகாரி போன் செய்து விசாரிக்க வேண்டும். தூக்கமின்மை, அந்த வார்டைத் தவிர்த்தல், சத்தம் கேட்டால் திடுக்கிடுதல் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். உடனே பேச 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் தமிழிலும் இயங்குகிறது. திரும்பவும் கேஷுவாலிட்டியில் போடலாமா, வேறு வார்டா என்பதை ரோஸ்டர் எழுதுமுன் அவரிடமே கேளுங்கள். கேட்காமல் மாற்றினால் தண்டனையாகவும், கேட்காமல் அதே இடத்தில் போட்டால் அலட்சியமாகவும் எடுத்துக்கொள்வார்.