சக்கரம் சுற்றிய எலி

கிணற்றில் நீச்சல் பழகியவர்களில் இரண்டு வகை உண்டு. சிலரைப் பின்னாலிருந்து யாராவது தள்ளிவிட்டிருப்பார்கள். சிலர் முதுகில் சுரைக்குடுவையோ கேனோ கட்டிக்கொண்டு, படியிலிருந்து தாங்களே குதித்திருப்பார்கள். தண்ணீர் ஒன்றுதான், பயமும் ஒன்றுதான். ஆனாலும் மூளை இந்த இரண்டையும் வேறு வேறாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது.

கஷ்டப்பட்டால் தானாக மனபலம் வரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் செய்து, 1967-இல் வெளியிட்ட சோதனை அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு நாய் தலையால் பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். அதன் ஜோடி நாய்க்கும் அதே அளவு நேரம்தான் அதிர்ச்சி, ஆனால் அது என்ன செய்தாலும் பலன் இருக்காது. ஆக, இரண்டும் பட்ட வலி சரிசமம். மறுநாள், தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்றிருந்த பெட்டியில் விட்டபோது முதல் வகை நாய்கள் தாண்டின. ஜோடி நாய்களில் பெரும்பாலானவை அப்படியே படுத்துக்கொண்டன. படிக்கும்போதே மனம் கனக்கிற சோதனை இது.

ஏன் இப்படி? பதில் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. மேயர் பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வுக்குள் இறங்கினார். இம்முறை எலிகள், பலகைக்குப் பதில் ஒரு சிறு சக்கரம். அதைச் சுற்றினால் அதிர்ச்சி நிற்கும்.

மூளைத்தண்டில் ராஃபே என்று ஒரு சிறு நரம்புக்கூட்டம் இருக்கிறது. கடுமையான தொல்லை நீடித்தால் அது, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கொட்டித் தீர்க்கும். அந்த வெள்ளத்தில் எலி பயந்து, முடங்கிப்போகும். சக்கரத்தைச் சுற்ற முடிந்த எலிகளிலோ, நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி 'நான் செய்வது வேலை செய்கிறது' என்பதைக் கண்டுகொண்டு, ராஃபேயை அடக்கியது. 2005-இல் அந்தப் பகுதியை மருந்தால் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்தார்கள். எலி சக்கரத்தைச் சரியாகத்தான் சுற்றியது, அதிர்ச்சியையும் நிறுத்தியது. அப்புறமும், என்ன செய்தும் அதிர்ச்சியை நிறுத்த முடியாத எலியைப் போலவே முடங்கியது!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான். முதலில் சக்கரம் சுற்றிப் பழகிய எலிக்குப் பிறகொரு நாள் தப்பிக்கவே வழியில்லாத தொல்லையைக் கொடுத்தாலும் அது முடங்கவில்லை. ஒருமுறை வேலை செய்த பாதை, கட்டுப்பாடே இல்லாத இடத்திலும் விழித்துக்கொண்டது. முடங்குவது நாம் கற்றுக்கொள்வதல்ல, மூளையின் இயல்பான முதல் பதிலே அதுதான், கட்டுப்பாட்டைத்தான் அது கற்றுக்கொள்கிறது என்று செலிக்மனும் மேயரும் 2016-இல், முடங்குவதைத்தான் கற்றுக்கொள்கிறோம் என்ற தங்கள் பழைய விளக்கத்தையே திருப்பி எழுதினார்கள்.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் மேடை கண்டால் நடுங்கும் பிள்ளையை நேராக ஆயிரம் பேர் முன் நிறுத்துவதைவிட, 'நாலு வரி பேசறியா, எட்டு வரி பேசறியா?' என்று கேட்டு, அதைப் பேசி முடிக்க விடுவது ஏன் மேல் என்று இதை வைத்து யோசிக்கலாம். அங்கே சக்கரம் பிள்ளையின் கையில் இருக்கிறது.

சரி, கிணற்றில் தள்ளிவிடப்பட்டும் நன்றாக நீந்துகிறவர்கள் இருக்கிறார்களே? அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தள்ளிய கையைவிட, தத்தளித்துக் கையடித்துத் தாங்களே படியைப் பிடித்த கணத்தைத்தான் அவர்கள் விவரித்துச் சொல்வார்கள் என்பது என் ஊகம்.