அன்னாலெஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூல் 'அன்னாலெஸ்'. ஆங்கிலம் வழியாக 'ஆனல்ஸ்' என்று நமக்கு அறிமுகமானது. லத்தீனில் 'அன்னுஸ்' என்றால் ஆண்டு. 'அன்னாலெஸ் லிப்ரி' என்றால் ஆண்டு ஏடுகள். அதில் 'லிப்ரி' உதிர்ந்துபோய் 'அன்னாலெஸ்' மட்டும் நிலைத்தது.

இந்த வகை எழுத்தின் வேர் ஒரு பலகையில் இருக்கிறது. ரோமின் தலைமைப் பூசாரி ஆண்டுதோறும் வெள்ளை பூசிய பலகை ஒன்றை மக்கள் பார்க்கும்படி வைப்பார். அந்த ஆண்டின் கான்சல்கள் (ஆண்டுதோறும் பதவியேற்கும் இரு தலைமை ஆட்சியாளர்கள்), மற்ற அதிகாரிகள் பெயர்கள் முதலில். அப்புறம் அந்த ஆண்டில் நடந்தவை. தானிய விலை எத்தனை முறை ஏறியது, கிரகணம் எப்போது பிடித்தது என்றெல்லாம் பூசாரியின் பலகையில் இருப்பதை எழுத எனக்கு விருப்பமில்லை என்று டாசிட்டஸுக்கு முந்தைய ரோமானிய எழுத்தாளரான கேட்டோ (Cato) சலித்துக்கொண்டார். பலகையில் என்ன இருந்தது என்பதற்கு அந்தச் சலிப்பும் இன்று நமக்கு ஒரு சான்று!

டாசிட்டஸ் அந்தப் பழைய சட்டகத்துக்குள் நின்றே எழுதினார். கி.பி. 14இல் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் இறந்ததில் தொடங்கி, திபேரியஸ் முதல் நீரோ வரையிலான பேரரசர்களின் ஆட்சியை ஆண்டுவாரியாகச் சொல்கிறார். காலிகுலா பற்றிய பகுதி முழுவதும் அழிந்துவிட்டது. பெரும்பாலும் ஒவ்வோர் ஆண்டும் இரு கான்சல்களின் பெயரோடு பிறக்கிறது. இந்த ஒழுங்கு அவரை எவ்வளவு இறுக்கியது என்பது 4ஆம் புத்தகத்தில் தெரியும். சபீனஸ் என்பவரை நண்பர்போல் பழகிக் காட்டிக்கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது, அந்தந்த நிகழ்ச்சியை அதனதன் ஆண்டில்தான் சொல்வது என்று முடிவு செய்திராவிட்டால், அவர்கள் பின்னாளில் அடைந்த கதியை இப்போதே சொல்லியிருப்பேன் என்கிறார். ஆனால் பிரிட்டன் போர்களில் பல ஆண்டுகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, பிரித்துச் சொன்னால் நினைவில் நிற்காது என்று காரணமும் சொல்கிறார்.

சரி, தமிழில்? 'வரலாறு' என்று மட்டும் எழுதுவது போதாது. டாசிட்டஸுக்கே 'ஹிஸ்டோரியே' ('வரலாறுகள்') என்று இன்னொரு நூல் இருக்கிறது. இரண்டும் ஒரே பெயரில் கலந்துவிடும். விவிலியத் தமிழில் 'நாளாகமம்' என்ற அழகான சொல் உண்டு, ஆனால் அது நாளை அளவாகக் கொண்டது. 'ஆண்டறிக்கை' என்றால் நிறுவனக் கணக்குதான் நினைவுக்கு வரும். என் தேர்வு 'ஆண்டுமுறை வரலாறு'. சோழர் கல்வெட்டுகளில் அரசன் பெயருக்குப் பின் 'யாண்டு' என்று ஆட்சியாண்டு வருகிறதே, அந்த 'யாண்டு'தான் இன்றைய 'ஆண்டு'. ஆட்சியில் இருப்பவர் பெயரால் ஆண்டைக் குறிக்கும் வழக்கம் நமக்கும் பழகியது என்பதால், ரோமானியக் கான்சல் ஆண்டுகளைத் தமிழ் வாசகருக்கு விளக்க இது நன்றாக உதவும்.

பூசாரியின் பலகையை 'ஆண்டுக் குறிப்பு' என்று பிரித்துச் சொல்லலாம். டாசிட்டஸுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு முன்பே ரோமானியக் கவிஞர் எனியஸ் 'அன்னாலெஸ்' என்ற இதே பெயரில் ரோமின் கதையைச் செய்யுளாகப் பாடியிருக்கிறார். அந்த நூலுக்கு 'ஆண்டுமுறைக் காப்பியம்' பொருந்தும்.