பருப்பு வேகும் கணக்கு

திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர் தண்ணீரை நம்பிச் சமைக்கும் பல வீடுகளில் துவரம்பருப்பு வேகவைப்பது பெரும்பாடு. நாலு விசில், ஆறு விசில் என்று போய்க்கொண்டே இருக்கும். திறந்து பார்த்தால் பருப்பு முழுசு முழுசாக நிற்கும், மத்தால் கடைந்தாலும் மசியாது. அதே பருப்பை அம்பாசமுத்திரத்தில் ஆற்றுத் தண்ணீரில் போட்டால் சீக்கிரம் குழைந்துவிடும். குறை பருப்பில் இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்திலும் மெக்னீசியத்திலும் இருக்கிறது.

பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியிருப்பது பெக்டின் என்ற பொருள். செங்கல்லுக்கு நடுவே பூசிய சாந்து மாதிரி. பருப்பு வேகும்போது இரண்டு காரியம் நடக்கிறது. சூட்டில் பெக்டின் கரைந்து செல்கள் பிரிகின்றன. செல்லுக்குள் இருக்கும் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி வீங்குகிறது. கடின நீரில் இருக்கும் கால்சியம் உள்ளே நுழைந்து பெக்டின் இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது. அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் அது எளிதில் கரையாது.

தாமிரபரணி பொதிகை மலையின் கெட்டிப் பாறைகள் மேல் ஓடி வருகிறது. அந்தப் பாறையிலிருந்து தண்ணீரில் கரைவது குறைவு. சமவெளியில் நிலத்தடி நீரின் கதை வேறு. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் கிடைப்பதால்தான். மண்ணிலும் பாறையிலும் சுண்ணாம்பு இருக்கிற இடங்களில் கிணற்று நீர் அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். அதனால் கூட்டுக் குடிநீர்க் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற வீடுகள், ஒரு குடத்தைப் பருப்புக்கென்று ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கம். ஆற்றுத் தண்ணீருக்கு வழியில்லையா? பருப்பையோ பயறையோ கொஞ்சம் உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவையுங்கள். உப்பில் இருக்கும் சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பிணைப்பு தளரும். சிலர் சோடா உப்பு போடுவார்கள். அதிலும் சீக்கிரம் வேகும்தான், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழிந்துபோகும். எனக்கு அதில் சம்மதமில்லை.

பருப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், எல்லாம் எரிவாயுதான். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அது முழுவதும் எரிந்து முடியும்போது ஏறத்தாழ 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. உள்ளே இருந்ததைவிட எடை எப்படிக் கூடியது? வாயுவில் உள்ள கார்பன், எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. கூடிய எடை அந்த ஆக்சிஜனுடையது. துணிப்பை, மண்சட்டி எல்லாம் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் அடுக்களையில் தினமும் மூன்று வேளை நடக்கிற செலவு இந்தத் தீ. முதலில் அதைக் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி.

புளிக்கும் இதே கதைதான். புளிப்பு ஏறிய தண்ணீரில் பெக்டின் கரைவது மந்தப்பட்டுவிடும். புளி ஊற்றின பிறகு காய் வேகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரியான வேதியியல். நம் ஊர்க் கூட்டாஞ்சோற்றைப் பாருங்கள். பருப்பு முக்கால் பதம் வெந்த பிறகு அரிசியும் காயும் போட்டு, அவை வெந்து வரும்போது புளித்தண்ணீரும் அரைத்த தேங்காயும் சேர்த்தால் எல்லாம் ஒரே பதத்துக்கு வரும். குழம்புக்கு ஒரு அடுப்பு, சோற்றுக்கு ஒரு அடுப்பு, பொரியலுக்கு ஒரு அடுப்பு என்று இல்லாமல் ஒரே பாத்திரத்தில், ஒரே தீயில் முழுச் சாப்பாடும் முடிகிறது. எரிபொருளைச் சேமிக்கவென்றே ஒருவர் உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல சமையல் முறை கிடைப்பது கஷ்டம்.

இனி கொதிக்கு வருவோம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். கொதித்த அதே தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும், ஏழரை மடங்குக்கும் மேல். திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிடும்போது நாம் கொடுக்கிற சூட்டில் பெரும்பங்கு இப்படி ஆவியாகிக் கூரைக்குப் போகிறது. தீயைக் கூட்டினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டுமா? தாண்டாது, ஆவிதான் வேகமாக வரும். உள்ளே வேகிற அரிசிக்கோ கிழங்குக்கோ மெல்லக் கொதிப்பதும் ஒன்று, பொங்கிக் கொதிப்பதும் ஒன்று. அரிசியின் மாவுச்சத்து ரகத்துக்குத் தக்கபடி ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரிக்குள்ளேயே இளகி வீங்க ஆரம்பித்துவிடும். ஆகவே கொதி வந்ததும் மூடியைப் போட்டுத் தீயை சிம்மில் வைத்துவிடலாம். வேகும் நேரம் அநேகமாகக் கூடாது.

குக்கர் இந்த 100 டிகிரி வரம்பைத் தாண்டுகிற கருவி. ஆவியை அடைத்து வைப்பதால் அழுத்தம் ஏறி, உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது. ஆனால் விசில் என்பது என்ன? அழுத்தம் மிஞ்சிப்போய், காசு கொடுத்து உண்டாக்கிய ஆவியை வெளியே தள்ளுகிற சத்தம். தீ பெரிதாக இருந்தால் விசில் அடுத்தடுத்து வரும், பருப்பு வேகும் வேகம் மாறாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, விசிலை எண்ணாமல் நிமிடத்தைப் பாருங்கள். அடுப்பை அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாமல் தானாக இறங்க விட்டால், அந்த நேரமும் இலவச வேக்காடு.

ஊறவைப்பதும் இலவசம்தான். தண்ணீர் பருப்பின் நடுப்பகுதி வரை போய்ச் சேர நேரம் எடுக்கும். அந்த நேரத்தை அடுப்பின் மேல் செலவழிப்பதற்குப் பதில் சும்மா ஒரு கிண்ணத்தில் செலவழிக்கலாம். துவரம்பருப்புக்கு அரை மணி, ஒரு மணி போதும். கொண்டைக்கடலை, தட்டப்பயறு என்றால் முதல் நாள் ராத்திரியே போட வேண்டும். வருடக்கணக்காகக் கிடந்த பயறு ஊறினாலும் லேசில் வேகாது. வாங்கும்போதே புதுசாகப் பார்த்து அளவாக வாங்குவது நல்லது.

இன்னொன்று, காற்று. ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று அடுக்களை ஜன்னல் வழியாகவும் வரும். தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து பாத்திரத்தின் விலாவைத் தடவிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தியத் தரவிதிப்படி வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். அது காற்றோட்டம் கலைக்காத இடத்தில், பொருத்தமான பாத்திரம் வைத்து அளந்த கணக்கு. சாய்ந்த தீயில் அந்தத் திறன் கிடைக்காது. ஜன்னலைப் பூட்டிவிடாதீர்கள், புகையும் வெக்கையும் வெளியே போக அது வேண்டும். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு தகரத் தட்டை நிறுத்தினால் போதும். பர்னருக்கு மிகவும் நெருக்கமாக மட்டும் வைக்க வேண்டாம், எரிவதற்குக் காற்று தேவை. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் வாயு முழுசாக எரியவில்லை என்று அர்த்தம். பர்னர் துளைகளை ஒரு ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள்.