ஐரோப்பாவுக்குப் பர்ஸ் அனுப்புகிறீர்களா? எந்த நாட்டுக்கு?

தோல் பொருள் ஏற்றுமதியில் புதிதாக இறங்குபவர்கள் சாம்பிளை நீட்டி, "இது ஐரோப்பா டிசைன் சார்" என்பார்கள். எந்த நாட்டுக்கு என்று கேட்டால் பதில் வராது. மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கும் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐரோப்பா டிசைன் என்று ஒன்று கிடையாது.

ஆண்கள் பர்ஸையே எடுத்துக்கொள்வோம். யூரோவில் மிகச் சிறிய நோட்டு 5 யூரோ. 1 யூரோவும் 2 யூரோவும் நாணயங்கள்தான். ஜெர்மனியில் ரொக்கம் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை; அந்நாட்டு மத்திய வங்கியின் 2023 ஆய்வில், கொடுக்கல் வாங்கல்களின் எண்ணிக்கையில் 51 சதவீதம் ரொக்கமாகவே நடந்திருந்தது. ஆகவே அங்கே போகும் பர்ஸில் சில்லறைப் பை இருந்தே ஆக வேண்டும். கவுண்டரில் நின்றபடி நாணயம் பொறுக்கும் அளவுக்கு அது அகலமாகத் திறக்கவும் வேண்டும். பழைய ஜெர்மன் பேட்டர்ன்களில் ஒரு பெரிய அறை இருக்கும். 2010 நவம்பருக்கு முன்பு கொடுத்த அடையாள அட்டை 105×74 மி.மீ. அளவு, அதற்காக வைத்த அறை அது. பிறகு அட்டை வங்கிக் கார்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. காரணம் தெரியாமல் பழைய பேட்டர்னை நகலெடுப்பவர்கள் இன்றும் அந்த அறையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். தோலும் வீண், கூலியும் வீண்.

இதே பர்ஸை ஸ்வீடனுக்குக் காட்டினால் செங்கல் மாதிரி இருக்கிறது என்பார்கள். அங்கே கார்டும், 2012-இல் வந்த, மொபைலில் பணம் அனுப்பும் ஸ்விஷ் செயலியும் ரொக்கத்தை ஏறக்குறைய ஒழித்துவிட்டன. நாலு கார்டு நுழையும் மெல்லிய ஹோல்டர் போதும், லோகோ கண்ணில் படாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இத்தாலியில் பேச்சு தோலிலிருந்தே தொடங்கும். டஸ்கனியின் சாந்தா குரோச்சே பக்கம் மரப்பட்டைச் சாறுகளில் பதனிடும் டேனரிகள் நிறைய. அந்தத் தோல் வெயிலும் கையும் பட்டு நிறம் ஆழ்ந்து போவதை அங்கே ரசிக்கிறார்கள். ஜெர்மன் பையரோ அதையே நிறம் மாறிவிட்டது என்று புகாராக எழுதக்கூடும். நெதர்லாந்தில் பாதி வாழ்க்கை சைக்கிளில், மீதி மழையில். லேப்டாப் பை அனுப்பினால் நீளமான தோள்பட்டையும் தண்ணீர் தாங்கும் ஃபினிஷும் கேட்பார்கள்.

ரசனை இப்படிப் பிரிந்தாலும், ரசாயன விதி ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒன்றுதான். உடம்பில் படும் தோல் பொருட்களில், ‘குரோமியம் 6’ என்ற நச்சு வடிவக் குரோமியம் ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 2015 மே 1 முதல் இதுதான் சட்டம். நாம் பதனிடப் போடுவது குரோமியம் 3. சூடும் வெளிச்சமும், தோலை மென்மையாக்கப் போடும் எண்ணெய்க் கலவையான ஃபேட்லிக்கரில் உள்ள சில மீன் எண்ணெய்களும் சேர்ந்து அதில் கொஞ்சத்தை 6 ஆக்கிவிடும். டேனரியில் பாஸான தோல் கோடௌனில் கிடந்து ஃபெயில் ஆவது இதனால்தான். தோல் வாங்கும்போது வந்த ரிப்போர்ட்டோடு நிறுத்தாதீர்கள். தைத்து முடித்த பொருளிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, சூட்டில் வைத்துப் பழசாக்கிய பிறகு சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் பக்கிள், ஜிப் வாங்கும் கடையில் நிக்கல் ரிப்போர்ட், அதாவது உலோகத்திலிருந்து எவ்வளவு நிக்கல் கசிகிறது என்ற சோதனை அறிக்கை, கேளுங்கள். பர்ஸுக்கு இவ்வளவா என்பார்கள். ரிப்போர்ட் இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.